கடைசி இடமும் முதல் இடமும்

தொப்பூர்,
21-12-2025

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. அம்மாவுக்கு முட்டிவலி பரவாயில்லை. மார்கழிக் குளிரில் மட்டும் காலையில் கொஞ்சம் சிரமப்படுகிறது. போன வாரம் நீ போனில் கேட்டதற்கு நான் வாயைத் திறப்பதற்குள், அங்கே ராகி மாவு கிடைக்கிறதா என்று கேட்க அம்மா போனை வாங்கிக்கொண்டது. இரண்டு நிமிஷத்தில் சொல்லி முடிக்கிற பதிலும் அது இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

நீ கேட்டது இதுதான். 1915-இல் தொடங்கிய ஒரு அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுக் கூட்டமைப்பு, கடைசியில் பன்னிரண்டு பல்கலைக்கழகங்கள். டி.வி. பணம் அதிகம் வரும் வேறு கூட்டமைப்புகளுக்குப் பத்து பேர் போய்விட்டார்கள். உன்னுடைய வாஷிங்டன் ஸ்டேட்டும் கார்வாலிஸில் இருக்கிற ஒரிகன் ஸ்டேட்டும் மட்டும் மிச்சம். ஆட்டத்தில் தோற்றதற்காக யாரும் இவர்களை ஒதுக்கவில்லை. உன் கல்லூரி இருக்கிற புல்மன் சின்ன ஊர், டி.வி. பார்க்கிற தலைகள் குறைவு, அவ்வளவுதான் காரணம். 'அக்கா, பி.டி. டீச்சர் நீ சொல்லு, நம்ம நாட்டில் இப்படி ஒரு அநியாயம் நடந்திருக்கா?' என்றாய்.

நடந்திருக்கிறது தம்பி. நம் தமிழ்நாட்டில், கோயம்புத்தூரில் நடந்தது. நான் கண்ணால் பார்த்தேன்.

2019 மார்ச் 9, சனிக்கிழமை. கோவை நேரு ஸ்டேடியத்தில், அப்போது நாட்டின் முதல் கால்பந்து லீக்காக இருந்த ஐ-லீக்கின் கடைசி ஆட்டம். சென்னை சிட்டி அணியும் மினர்வா பஞ்சாபும். நீ அப்போது கல்லூரிப் பரீட்சையில் இருந்தாய். நான் சேலம் போய் பஸ் மாறிப் போனேன். அன்றைய நிலவரம் என்னவென்றால், சென்னை சிட்டி ஜெயித்தால் சாம்பியன். ஜெயிக்கத் தவறி, அதே நேரம் கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால் கோகுலத்தை ஜெயித்துவிட்டால் கோப்பை கொல்கத்தாவுக்கு. ஆட்டம் தொடங்கிய சில நிமிஷத்திலேயே மினர்வா கோல் போட்டுவிட்டது. இடைவேளை வரை அதே கணக்கு. பிறகுதான் பெத்ரோ மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அதன்பின் கௌரவ் போரா இரண்டு கோல். 3-1. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்காலும் ஜெயித்துத்தான் இருந்தது. முடிவில் 43 புள்ளிக்கு 42. ஒரே ஒரு புள்ளியில் இந்தியாவின் லீக் கோப்பை தமிழ்நாட்டுக்கு வந்தது.

அந்த அணியை நீ பார்த்திருக்க வேண்டும். பயிற்சியாளர் அக்பர் நவாஸ், சிங்கப்பூர்க்காரர். ஸ்பெயினிலிருந்து வந்த நாலைந்து பேர் ஆடினாலும், எட்வின் வன்ஸ்பால், ரொமாரியோ ஜேசுராஜ், விஜய் நாகப்பன் என்று நம் பிள்ளைகள் சும்மா எண்ணிக்கைக்கு உட்கார்த்தி வைக்கப்படவில்லை. ஆட்டத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். பந்தை உயரத் தூக்கி அடித்துவிட்டு ஓடுகிற ஆட்டத்தையே பார்த்து வளர்ந்த எனக்கு, கோல்கீப்பரிடமிருந்து தரையோடு தரையாகப் பந்து நகர்ந்து வருவதைப் பார்க்க அவ்வளவு ஆசையாக இருந்தது. இன்றைக்கும் நம் பள்ளிப் பெண்களுக்கு நான் சொல்லித்தருகிற பயிற்சியில் பாதி அன்று மனதில் வாங்கியதுதான்.

இப்போது அதே வருஷத்தின் இன்னொரு பக்கத்தைப் பார். ஐ.எஸ்.எல். என்று இன்னொரு லீக் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. 2014-இல் எட்டு அணிகளோடு தொடங்கியது. நடிகர்கள், கிரிக்கெட் வீரர்கள், பெரிய கம்பெனிகள் உரிமையாளர்கள். அதில் சென்னை நகரத்து அணியின் பெயர் 'சென்னையின் எஃப்.சி.' இரண்டு முறை, 2015-இலும் 2018-இலும், கோப்பை வென்ற நல்ல அணிதான். அதன்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஆனால் 2018-19 சீசனில் அந்த அணி பதினெட்டு ஆட்டத்தில் ஒன்பது புள்ளிதான் எடுத்தது. பத்து அணிகளில் பத்தாவது இடம்.

ஒரே மாநிலம், ஒரே வருஷம். ஒரு லீக்கில் நம் அணி கடைசி, இன்னொன்றில் நம் அணி முதல். இங்கிலாந்திலோ ஸ்பெயினிலோ ஜப்பானிலோ என்றால் மேல் லீக்கில் கடைசியில் நின்றவன் கீழே இறங்குவான், கீழே முதலில் வந்தவன் மேலே ஏறுவான். இங்கே என்ன நடந்தது தெரியுமா? கடைசியில் வந்தவர்கள் அப்படியே இருந்தார்கள். முதலில் வந்தவர்களும் அப்படியே இருந்தார்கள். 2019 ஜூலையில் அகில இந்திய கால்பந்து சம்மேளனத்தின் செயற்குழு கூடி, இனி ஐ.எஸ்.எல்.தான் நாட்டின் முதல் லீக் என்று ஆசிய சம்மேளனத்துக்குப் பரிந்துரைத்தது. அக்டோபரில் கோலாலம்பூரில் அதற்குத் திட்டம் போட்டு, அதே மாதம் உறுதி செய்தார்கள். மார்ச்சில் நாட்டின் முதல் லீக்கின் சாம்பியன் என்று கோப்பை வாங்கிய அணி, தீபாவளிக்குள் இரண்டாம் லீக் அணியாகிவிட்டது. லீக்கில் முதலில் வந்தும் கீழே இறக்கப்பட்டது.

திறமையில் குறைவு என்று யாராவது சொன்னால் இதைச் சொல். கோப்பை வாங்கிய மறு மாதம் புவனேஸ்வரில் சூப்பர் கப். அந்த வருஷ ஐ.எஸ்.எல். சாம்பியன் பெங்களூரு எஃப்.சி. அவர்களைச் சென்னை சிட்டி காலிறுதியில் 2-1 என்று வீட்டுக்கு அனுப்பியது. மைதானம் தன் தீர்ப்பைச் சொல்லிவிட்டது. மேஜை வேறு தீர்ப்பு சொன்னது.

இதைவிட எனக்கு வலித்தது அடுத்த வருஷம். 2020-இல் ஈஸ்ட் பெங்கால் ஐ.எஸ்.எல்.லுக்குப் போனது. ஒரு புள்ளியில் நம்மிடம் கோப்பையை விட்ட அதே அணி. சிமெண்ட் கம்பெனி ஒன்று பணம் போட்டது, வழி பிறந்தது. மோகன் பகானும் ஏற்கெனவே உள்ளே இருந்த ஒரு கொல்கத்தா அணியோடு இணைந்து போனது. அந்த இரண்டு கிளப்புகளுக்கும் நூறு வருஷ வரலாறு, லட்சக்கணக்கில் ரசிகர்கள். அவர்கள் மேல் லீக்கில் ஆட வேண்டியவர்கள்தான், அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஆட்டக் கணக்கில் இரண்டாவதாக வந்தவன் உள்ளே, முதலாவதாக வந்தவன் வெளியே என்றால், புள்ளிப் பட்டியல் எதற்கு?

நம் ஊர்ச் சாலை உனக்கு நினைவிருக்கும். சேலத்துக்கும் பெங்களூருக்கும் ராத்திரி பகல் பாராமல் வண்டி ஓடுகிறது, கணவாய் ஏறி இறங்கி எல்லாம் நம்மைத் தாண்டித்தான் போகிறது. ஆனால் எந்த பஸ் தொப்பூரில் நிற்க வேண்டும் என்று நம்மைக் கேட்டு யாரும் முடிவு செய்வதில்லை. சின்ன கிளப்புகளின் நிலைமை அதுதான். பிள்ளைகளைக் கண்டுபிடித்து, பழக்கி, மேலே அனுப்புவது அவர்கள். குமரி மாவட்டத்திலிருந்து வந்த மைக்கேல் சூசைராஜ் சென்னை சிட்டியில் ஆடிக்காட்டித்தான் ஜம்ஷெட்பூர் எஃப்.சி.க்குப் போனார். எட்வின், ரொமாரியோ எல்லோரும் பிறகு ஐ.எஸ்.எல். போனார்கள். ஆட்டக்காரனுக்கு ஏற இடம் இருந்தது. அவனை வளர்த்த அணிக்கு இல்லை.

நம் கதை மட்டும் என்று நினைக்காதே. சென்னை சிட்டிக்கு முந்தின இரண்டு சாம்பியன்களுக்கும் இதே கதிதான். 2017-இல் மிசோரமின் அய்சால் எஃப்.சி. முந்தின சீசனில் கீழே இறங்கிய அணி அது; கோவா கிளப்புகள் லீக்கை விட்டு விலகியதால் திரும்பச் சேர்த்துக்கொள்ளப்பட்டு, காலித் ஜமீல் பயிற்சியில் ஏப்ரல் 30-ஆம் தேதி ஷில்லாங்கில் சாம்பியன் ஆனது. எங்களையும் ஐ.எஸ்.எல்.லில் சேருங்கள் என்று அவர்கள் கேட்டார்கள். அந்த வருஷம் சேர்க்கப்பட்டவர்கள் யார் தெரியுமா? பெங்களூரு எஃப்.சி.யும், ஜூன் மாதம்தான் பிறந்த, ஒரு ஆட்டம்கூட ஆடியிராத ஜம்ஷெட்பூர் எஃப்.சி.யும். சாம்பியனை விட்டுவிட்டு, பந்தையே தொடாத அணிக்கு நாற்காலி. 2018-இல் மினர்வா பஞ்சாப் சாம்பியன், அவர்களும் வெளியே.

ஏன் இப்படி? வேரைத் தேடிப் போனால் 2010 டிசம்பரில் போய் நிற்கும். அப்போது சம்மேளனம் ரிலையன்ஸும் ஐ.எம்.ஜி.யும் சேர்ந்த நிறுவனத்தோடு பதினைந்து வருஷத்துக்கு 700 கோடி ரூபாய் ஒப்பந்தம் போட்டது. டி.வி. உரிமை, விளம்பரம், புதிதாக லீக் நடத்தும் உரிமை எல்லாம் அதில் அடக்கம். வருஷா வருஷம் வருகிற பணத்தில்தான் சம்மேளனத்தின் அலுவலகம் முதல் சிறுவர் அணி வரை ஓடியது. பணம் கொடுப்பவர்கள் நடத்தும் லீக்கில், இடத்துக்குக் காசு கட்டியவர்கள், கடைசியில் வந்தாலும் இறங்க மாட்டோம் என்ற உறுதியை நம்பித்தான் கட்டினார்கள். அப்புறம் அய்சாலுக்காக யார் பேசுவது?

இன்னொன்று ஓட்டு. சம்மேளனத்தின் தலைவரைத் தேர்ந்தெடுத்து வந்தவர்கள் மாநிலச் சங்கங்கள். 2022-இல் நீதிமன்றம் நியமித்த நிர்வாகக் குழு, பழைய ஆட்டக்காரர்களுக்கும் சரிபாதி ஓட்டு கொடுக்கலாம் என்றது. ஃபிஃபா அதை ஏற்கவில்லை, வெளியாள் தலையீடு என்று ஆகஸ்ட் நடுவில் இந்தியாவையே சஸ்பெண்ட் செய்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் விலக்கியது. அதற்குள் ஓட்டர் பட்டியலிலிருந்து ஆட்டக்காரர்கள் எடுக்கப்பட்டுவிட்டார்கள். செப்டம்பர் 2-இல் தேர்தல். பாய்ச்சுங் பூட்டியா நின்றார். நம் தலைமுறைக்குக் கால்பந்து என்றால் அவர்தான். அவருக்கு விழுந்தது ஒரு ஓட்டு. ஜெயித்த கல்யாண் சௌபேக்கு 33. சௌபேயும் கோல்கீப்பராக ஆடியவர்தான். ஆளைப் பற்றி நான் பேசவில்லை. ஆடுகிறவனுக்கும் ஆட வைக்கிற கிளப்புக்கும் அந்த அறையில் குரல் எவ்வளவு என்பதற்குத்தான் இதைச் சொல்கிறேன்.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், நீ எதையும் இரண்டு பக்கமும் பார்ப்பவன். பணம் போட்டவர்கள் லாபம் பார்த்துவிடவில்லை. ஐ.எஸ்.எல். கிளப்புகள் வருஷா வருஷம் கோடிகளில் நஷ்டப்பட்டுக்கொண்டேதான் நடத்துகின்றன. ஒரு வருஷம் மோசமாக ஆடியதற்காக இரண்டாம் லீக்குக்கு இறக்கிவிட்டால் விளம்பரதாரர் ஓடிவிடுவார், அணியே மூடிவிடும் என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. சின்ன கிளப்புகளிலும் சம்பளம் நிற்பது, மைதானம் இல்லாமல் அலைவது என்று ஆயிரம் குறை. சென்னை சிட்டியே 2016-இல் கீழிருந்து ஆடி ஏறி ஐ-லீக்குக்கு வந்த அணி இல்லை; நேரடியாகச் சேர்த்துக்கொள்ளப்பட்ட அணிதான். அதையும் மறைக்க எனக்கு மனம் வரவில்லை. வாசல் வழியாக வந்தார்களோ ஜன்னல் வழியாக வந்தார்களோ, வந்தபின் இரண்டு வருஷம் எட்டாவது இடத்தில் கிடந்து, மூன்றாவது வருஷம் எல்லோரையும் ஜெயித்தார்கள். அதற்குப் பலன் வேண்டும்.

கட்டணம் கட்டியவன் நிலைத்து நிற்பான் என்ற வாதமும் நிற்கவில்லை. புனே சிட்டி 2019-இல் மூடப்பட்டது. அந்த இடத்தில் வந்த ஹைதராபாத் 2022-இல் கோப்பை வாங்கி, இரண்டே வருஷத்தில் பணமுடையில் சிக்கி, ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக விலக, கடைசி இடத்துக்கு வந்தது. அப்போதும் கீழே இறங்கவில்லை. கீழே இறங்கும் பயம் இல்லாத இடத்தில் கடைசி ஐந்து ஆட்டம் யாருக்காக? பிப்ரவரி மாதம் பட்டியலின் அடியில் இருக்கிற இரண்டு அணிகள் ஆடும் ஆட்டத்தைப் பார், மைதானமே தூங்கிவழியும். அதே இரண்டு அணிகள் இறங்காமல் தப்பிக்க ஆடினால் ஊரே வந்து நிற்கும். நியாயம் ஒரு பக்கம் இருக்கட்டும், வியாபாரத்துக்கும் அதுதான் நல்லது என்பது என் கட்சி.

சென்னை சிட்டியின் மிச்சக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2019-இல் ஸ்விட்சர்லாந்தின் எஃப்.சி. பாசல் 26 சதவீதப் பங்கு வாங்கியது; நமக்கும் நல்ல காலம் என்று நினைத்தேன். 2020 ஜனவரியில் ஆசிய சாம்பியன்ஸ் லீக்கின் தகுதி ஆட்டத்தில் பஹ்ரைனின் ரிஃபாவிடம் 1-0 என்று தோற்றது. பிறகு கொரோனா. அடுத்த சீசன் மொத்தமும் வங்காளத்தில், ரசிகர் இல்லாமல் நடந்தது. அதற்குப் பிறகு ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயர் இல்லை. ஏற இடம் இல்லாததால் மட்டுமே அந்த அணி போனது என்று நான் சொல்ல மாட்டேன். பல காரணம் இருக்கும். ஆனால் ஜெயித்தால் மேலே போகலாம் என்று இருந்திருந்தால், இரண்டு வருஷம் தாக்குப்பிடிக்கப் பணம் போட ஒருவராவது வந்திருப்பார் என்று இன்றும் நம்புகிறேன்.

அன்று கோவையில் தோற்றுப்போன மினர்வா பஞ்சாப் கைமாறி, பஞ்சாப் எஃப்.சி. என்று பெயர் மாறி, 2023-இல் ஐ-லீக்கை வென்று ஐ.எஸ்.எல்.லுக்கு ஏறியது. ஆட்டத்தில் ஜெயித்து மேலே போன முதல் அணி அதுதான். கோலாலம்பூரில் போட்ட திட்டப்படி சாம்பியனை மேலே ஏற்றும் வழக்கம் அந்த வருஷம்தான் தொடங்கியது. 2024-இல் முகமதன் ஸ்போர்ட்டிங் ஏறியது. ஏற்றுவது தொடங்கிவிட்டது, இறக்குவது இன்னும் இல்லை. பாதி நியாயம் வந்திருக்கிறது. நான்கு வருஷம் முன்னால் வந்திருந்தால் நேரு ஸ்டேடியத்தில் ஐ.எஸ்.எல். பார்த்திருப்போம்.

நம் பக்கத்திலேயே ஏணி ஒழுங்காக இருந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சாட்சி இருக்கிறது. கால்பந்தில் இல்லை, கிரிக்கெட்டில்: சின்னப்பம்பட்டி நடராஜன். நம் ஊரிலிருந்து எத்தனை தூரம்? நெசவுத் தொழிலாளியின் மகன், டென்னிஸ் பந்தில் ஆடியவர். சென்னைக்குப் போய் லீக்கின் கீழ்ப் பிரிவில் தொடங்கி, முதல் பிரிவு, தமிழ்நாடு அணி, டி.என்.பி.எல்., ஐ.பி.எல். என்று ஏறி, 2021 ஜனவரியில் பிரிஸ்பேனில் இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடினார். சென்னை கிரிக்கெட் லீக்கில் ஐந்தாம் பிரிவு அணிகூட ஜெயித்து ஜெயித்து மேலே வரலாம், மேலே உள்ளவன் தோற்றுத் தோற்றுக் கீழே போவான். கிரிக்கெட்டிலும் அதிகாரச் சண்டைகளுக்குக் குறைவில்லை, அது உனக்கே தெரியும். ஆனால் அடித்தளத்தில் அந்தப் படிக்கட்டு இருந்ததால்தான் தறிச் சத்தத்திலிருந்து ஒரு பையன் பிரிஸ்பேனின் கப்பா மைதானம் வரை போக முடிந்தது. இப்போது அவர் தன் ஊரிலேயே ஒரு மைதானம் கட்டியிருக்கிறார்.

பெண்கள் கால்பந்தையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. அதே 2019 மே மாதம் மதுரையின் சேது எஃப்.சி. லூதியானாவில் மணிப்பூர் போலீஸை 3-1 என்று வென்று இந்தியப் பெண்கள் லீக் கோப்பையை வாங்கியது. யோசித்துப் பார், ஆண், பெண் இரண்டு தேசிய லீக்கும் ஒரே வருஷத்தில் தமிழ்நாட்டில். அன்று ஆண்கள் லீக்கில் சாம்பியனுக்கு மேலே போக இடமில்லை. பெண்கள் லீக்கில் இப்போது இரண்டாம் பிரிவு இருக்கிறது, ஏற்றமும் இறக்கமும் இருக்கிறது. பணம் குறைவாக இருக்கும் இடத்தில் கதவு திறந்திருக்கிறது. நாளை அங்கேயும் பணம் வரட்டும், வரவேண்டும், அந்தப் பெண்கள் வயிற்றுக்கு ஆட வேண்டாமா? வரும்போது கதவைப் பூட்டாமல் வரட்டும்.

இது எனக்கு டில்லி, மும்பைக் கதை இல்லை தம்பி. போன வருஷம் ஒரு பெரிய ஊரில் பெண்களுக்கான பள்ளிப் போட்டி. நம் பிள்ளைகள் வட்டாரத்தில் ஜெயித்து, மாவட்டத்திலும் நன்றாக ஆடியிருந்தார்கள். கேட்டேன். 'அழைத்த அணிகள் மட்டும்தான் டீச்சர்' என்றார்கள். அழைத்த அணிகளில் பாதிக்கு மேல் காசு வாங்கும் அகாடமிகள். என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண் இருக்கிறாள். இடது காலால் பந்தை எங்கே சொன்னாலும் வைப்பாள். அவள் வீட்டில் இன்னும் இரண்டு வருஷத்தில் கல்யாணப் பேச்சு எடுத்துவிடுவார்கள், நம் பக்கம் உனக்குத் தெரியாததில்லை. ஒரு சான்றிதழ், ஒரு ஸ்போர்ட்ஸ் ஹாஸ்டல் இடம், ஒரு கல்லூரி சீட்டு, இதில் ஏதாவது ஒன்று கையில் இருந்தால் நான் போய் அவள் அப்பாவிடம் பேச முடியும். அழைப்பு இல்லாத அணிக்குச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? சங்கத்தில் உறுப்பினர் யார், போட்டியில் இடம் யாருக்கு என்று எங்கோ ஒரு அறையில் எடுக்கும் முடிவு, நம் தெருப் பிள்ளையின் வாழ்க்கையில் வந்து முடிகிறது.

உன் கல்லூரி விஷயத்துக்கு வருகிறேன். நீ அனுப்பியதையெல்லாம் படித்தேன். 2022-இல் லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு பல்கலைக்கழகங்கள் போகிறோம் என்றன. 2023 ஆகஸ்ட் 4 அன்று ஒரே நாளில் ஐந்து பேர். பசிபிக் கரையில் இருக்கிற ஸ்டான்ஃபோர்டு அட்லாண்டிக் கூட்டமைப்பில் சேர்ந்து, நாட்டையே தாண்டிப் போய் ஆடுகிறது. அதுவும் முழுப் பங்கு இல்லாமல், முதல் சில வருஷங்கள் முப்பது சதவீதம் போதும் என்று ஒப்புக்கொண்டு. டல்லாஸின் எஸ்.எம்.யூ. ஒன்பது வருஷம் டி.வி. பணமே வேண்டாம், சேர்த்துக்கொண்டால் போதும் என்றதாமே! உள்ளே இருப்பதற்கு எவ்வளவு விலை என்பது இதிலேயே தெரிகிறது. உள்ளே இருந்தாலும் சிலரைவிடச் சிலர் மேல். அமெரிக்கன் ஃபுட்பாலில் 2023-இல் பதிமூன்று ஆட்டமும் ஜெயித்த ஃப்ளோரிடா ஸ்டேட்டைக் கடைசி நான்கில் சேர்க்காமல், ஒரு ஆட்டம் தோற்ற அலபாமாவைச் சேர்த்தது தேர்வுக் குழு. நம் அய்சால்காரர்கள் இதைப் படித்தால் உடனே புரிந்துகொள்வார்கள்.

இதெல்லாம் 1984-இல் அங்கே உச்சநீதிமன்றம் டி.வி. உரிமையை மைய அமைப்பின் கையிலிருந்து எடுத்த பிறகு தொடங்கியது என்று எழுதியிருந்தாய். ஒரே கையில் இருந்தாலும் தப்பு, எல்லோரும் தனித்தனியாக விற்றாலும் பெரியவனுக்குத்தான் விலை. பணத்தை எப்படிப் பங்கு போடுவது என்ற விதி முதலில் வேண்டும். அது இல்லாமல் உரிமை யார் கையில் இருந்தாலும் சின்ன ஊர்தான் அடிபடும்.

ஒன்றில் மட்டும் நீங்கள் எங்களைவிடக் கொடுத்துவைத்தவர்கள். உங்களுக்குக் கோல்ஃபாக்ஸ் நீதிமன்றம் இருந்தது. வெளியேறுகிற பத்து பேர், மிச்சமிருக்கும் கூட்டமைப்பின் பணத்தைப் பற்றி இனி ஓட்டுப்போட முடியாது என்று 2023 நவம்பரில் நீதிபதி சொன்னார். மாநில உச்சநீதிமன்றமும் டிசம்பரில் அதில் தலையிடவில்லை. அந்தத் தீர்ப்பு இல்லாமல் இரண்டு கல்லூரிகள் எதை வைத்துத் திரும்ப எழுந்திருக்கும்? 2026 ஜூலையில் பாய்சி ஸ்டேட், ஃப்ரெஸ்னோ ஸ்டேட் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு புதிதாக ஆடப்போகிறீர்கள். அதைப் படித்தபோது எனக்கு நிஜமாகவே சந்தோஷம். ஆனால் ஒன்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் புதிய அணிகளில் பெரும்பாலானவை வேறொரு கூட்டமைப்பிலிருந்து வந்தவைதானே? அவர்கள் விட்டுவந்த இடத்தில் மிச்சம் இருக்கிற சின்னக் கல்லூரிகள் இப்போது என்ன நினைக்கும்? உன் கல்லூரிக்கு வலித்த அதே இடத்தில் அவர்களுக்கும் வலிக்கும் அல்லவா? உங்கள் மாணவர்கள் அதையும் பேச வேண்டும்.

இங்கே இப்போதைய நிலவரம் இன்னும் மோசம். அந்தப் பதினைந்து வருஷ ஒப்பந்தம் இந்த 2025 டிசம்பர் 8-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. ஜூலையிலேயே ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. சம்மேளனம் புதிய டெண்டர் போட்டது. நவம்பரில் பெட்டியைத் திறந்தால் ஒருவர்கூட விண்ணப்பிக்கவில்லை. 2025 முடியப்போகிறது, இந்த சீசனில் ஐ.எஸ்.எல்.லில் இன்னும் ஒரு பந்துகூட உதைபடவில்லை. ஆட்டக்காரர்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். கோப்பைக்காக நீதிமன்றம் ஏறியதும் நடந்தது: போன சீசன் ஐ-லீக் யாருக்கு என்பதை லொசானில் இருக்கும் விளையாட்டுத் தீர்ப்பாயம்தான் ஜூலையில் முடிவு செய்து, இன்டர் காசிக்குக் கொடுத்தது.

இத்தனைக்கும் நடுவில் ஒரு நல்லது. செப்டம்பர் 19-இல் நம் உச்சநீதிமன்றம் சம்மேளனத்தின் புதிய சட்டதிட்டத்தை ஏற்றுத் தீர்ப்பு சொன்னது. நாட்டின் முதல் லீக் சம்மேளனத்துடையதாக இருக்க வேண்டும், அதில் ஏற்றமும் இறக்கமும் இருக்க வேண்டும் என்பது இப்போது எழுத்தில் இருக்கிறது. பழைய ஒப்பந்தம் போய், புதியது வராத இந்த நேரம்தான் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டிய நேரம். பணம் போட யாரும் வரவில்லையே, கொஞ்ச வருஷம் இறக்கம் வேண்டாம் என்று கிளப்புகள் கேட்கும். கேட்டவுடன் ஒத்துக்கொள்ளவும் ஆட்கள் இருப்பார்கள். ஒத்துக்கொண்டால் இன்னொரு பத்து வருஷம் போய்விடும், இன்னொரு கோவை அணி காணாமல் போகும். மைதானம், சம்பளம், சிறுவர் அணி என்று உரிமத்துக்கு என்ன நிபந்தனை வேண்டுமானாலும் வைக்கட்டும், எல்லோருக்கும் ஒன்றாக வைக்கட்டும். அதற்குப் பிறகு பட்டியல் பேசட்டும்.

அம்மா வந்து இரண்டு முறை எட்டிப்பார்த்துவிட்டது, சாப்பிடக் கூப்பிடுகிறது. உனக்கு ஒன்று சொல்லி முடிக்கிறேன். உன்னோடு அங்கே படிக்கிற தமிழ்ப் பிள்ளைகளும், பெங்களூரில் ஐ.டி.யில் இருக்கிற உன் சிநேகிதர்களும் ஐ.எஸ்.எல். பார்க்கிறவர்கள்தானே. ஆட்டம் திரும்பத் தொடங்கினதும் ஆப்புக்கும் டிக்கெட்டுக்கும் பணம் கட்டச் சொல்வார்கள். கட்டுவதற்கு முன்னால் எல்லோருமாகச் சேர்ந்து உங்கள் உங்கள் அணிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்: கடைசியில் வருபவர் எந்த வருஷத்திலிருந்து கீழே இறங்குவார், தேதி சொல்லுங்கள் என்று. தேதி சொல்லும் வரை ஒரு ரூபாய் கட்டாதீர்கள்.

உன் அன்பு அக்கா